உன்னைக் கேள்வி கேட்காத முகாமுக்குப் போகாதே

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே கொஞ்சம் மிளகு. நான் சேலத்தில் விடுதியில் தங்கி உடற்கல்விப் பட்டப்படிப்பு இறுதியாண்டு படிக்கிறேன். வயது 21. பல்கலைக்கழக அணியில் கோ-கோ ஆடியிருக்கிறேன். அமெரிக்காவில் கோடை விடுமுறையில் நடக்கும் சிறுவர் விளையாட்டு முகாமுக்குத் தன்னார்வலராகப் போகலாம் என்று சேலத்தில் ஒருவர் சொல்கிறார். மூன்று மாதம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழ் தருவார்களாம். எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் கேட்கிறார். டூரிஸ்ட் விசாவிலேயே போய்விடலாம், விசா அதிகாரியிடம் முகாம் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்கிறார். இந்த மாதமே 50,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டுமாம். அம்மா நகையை அடகு வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அங்கே உனக்கு ஒன்னுன்னா யாரைக் கூப்பிடறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் போக வேண்டும் என்று ரொம்ப ஆசையாக இருக்கிறது. போகலாமா? அரசு வேலைக்கு இது உதவுமா?

பதில்:

கண்ணு, முதலில் ஒன்று. அந்த 50,000 ரூபாயைக் கட்டாதே. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போக வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம். நீ ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆசையைக் காட்டி உன்னிடம் பணம் கேட்கிற ஆள்தான் சரியில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஆள் உன்னிடம் சொன்னது நிறைய இருக்கிறது. கேட்டது பணத்தைத் தவிர எதுவுமே இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளை வைத்து வேலை செய்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. நீந்தத் தெரியுமா, முதலுதவி படித்திருக்கிறாயா என்று கேட்கவில்லை. உன்னைப் பற்றி விசாரிக்க எந்த ஆசிரியரின் பெயரையும் வாங்கவில்லை. காவல்துறைச் சான்று கேட்கவில்லை. யோசித்துப் பார். யாரோ பெற்ற பிள்ளைகளை மூன்று மாதம் இரவும் பகலும் உன் கையில் கொடுக்கப்போகிற ஒரு இடம், நீ யார் என்றே விசாரிக்காமல் உன்னைக் கூட்டிக்கொண்டு போகுமா? அப்படிக் கூட்டிக்கொண்டு போகிற இடம் ஒன்று இருந்தால் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கப்போகிறவரைப் பற்றியும் அது விசாரித்திருக்காது. பிள்ளைகளுக்கும் அங்கே பாதுகாப்பு இல்லை, உனக்கும் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால், ஒரு மே மாதம், ஏற்காட்டில் ஐந்து நாள் கோடை முகாம் நடத்தினோம். சேலத்திலிருந்து 42 பிள்ளைகள், எட்டு முதல் பன்னிரண்டு வயது. மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு மேல், மழை பெய்து ஓய்ந்ததும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அதிலேயே பிறந்து வளர்ந்தவள். இந்தக் கோல் கம்பத்தில் நின்றால் அந்தக் கோல் கம்பம் தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தி வரிசையில் நிற்க வைத்து எண்ணினேன். 41. திரும்ப எண்ணினேன். 41. பெயர்ப் பட்டியல் என் பையில், பை கட்டடத்தின் திண்ணையில். யார் குறைகிறார் என்றே சொல்ல முடியவில்லை. பிள்ளைகளைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். ஆறு நிமிடம் கழித்துக் கிடைத்தான். மைதானத்து ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், ஒரு ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒன்பது வயது. லேஸில் முடிச்சு விழுந்துவிட்டது, அவிழ்க்க வரவில்லை, யாரையும் கூப்பிடக் கூச்சம். அழக்கூட இல்லை. "டீச்சர், இதைக் கொஞ்சம் அவுத்து விடுங்க" என்று ஷூவை நீட்டினான். அந்த முடிச்சை அவிழ்க்க என் விரல்களால் முடியவில்லை, அப்படி நடுங்கியது. மைதானத்தைத் தாண்டிப் பத்தடியில் சரிவு.

அன்று தப்பு என்னுடையது. பட்டியல் என் கையில் இருந்திருக்க வேண்டும், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருக்க வேண்டும். அமெரிக்க முகாம்களில் ஏரியிலோ குளத்திலோ பிள்ளைகள் இறங்கும்போது செய்வது இதைத்தான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை விசில் ஊதுவார்கள். ஊதியதும் ஜோடிகள் கையைப் பிடித்து உயர்த்தி நிற்க வேண்டும், கரையில் இருக்கிற ஆள் எண்ணிப் பலகையோடு ஒத்துப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே. ஒரு நல்ல முகாமில் உன் முதல் வாரம் முழுக்க இந்த மாதிரிப் பயிற்சியிலேயே போகும், பிள்ளைகள் அதற்கப்புறம்தான் வருவார்கள். கோ-கோவில் எத்தனை பதக்கம் வாங்கினாய் என்பதைவிட எண்ணுகிற பழக்கம் உனக்கு இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குப் பெரிது.

சரி, நேர்மையான வழி எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் அந்த ஆள் சொன்னதில் எது பொய் என்று உனக்கே விளங்கிவிடும்.

அமெரிக்கக் கோடை முகாமில் வெளிநாட்டு இளைஞர்கள் வேலை செய்வதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. ஜே-1 என்று பெயர், அதில் கேம்ப் கவுன்சலர், அதாவது முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர், என்பது தனிப் பிரிவு. வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், இளைஞர் பணி செய்பவர், இல்லையென்றால் தனித் திறமை உள்ளவர், இவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். நீ உடற்கல்வி மாணவி, அதனால் பொருந்துகிறாய். அதிகபட்சம் நான்கு மாதம். நீயாக விண்ணப்பம் போட்டு வாங்கிவிட முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்று உன்னைத் தேர்ந்தெடுத்து, டிஎஸ்-2019 என்ற படிவத்தைத் தர வேண்டும். உன்னோடு நேரில் பேசிப் பார்ப்பதும், உன் ஆசிரியரிடமோ முன்பு வேலை கொடுத்தவரிடமோ சான்று வாங்குவதும் அந்த ஸ்பான்சரின் கடமை. அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியல் அந்தத் துறையின் ஜே-1 இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சேலத்து ஆளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்கள் ஸ்பான்சர் யார்?" அவர் சொல்கிற பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார். பேச்சை மாற்றினார் என்றால் எழுந்து வந்துவிடு.

அப்புறம், "சம்பளம் கிடையாது" என்பது. அந்த விசாவின் விதிப்படி, அதே வேலையைச் செய்யும் அமெரிக்க இளைஞர்களுக்கு என்ன ஊதியமும் சலுகையுமோ அதற்கு ஈடாக வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கும் தர வேண்டும். பெரிய தொகையாக இருக்காது, கைச்செலவுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சலாம். ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்வது சரியல்ல. சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவு வேலைக்கோ, அலுவலக நிர்வாக வேலைக்கோ கேம்ப் கவுன்சலரை நியமிக்கக்கூடாது என்றும் விதி சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொள். "சேவை" என்ற சொல்லைப் போட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் செய்ய வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

செலவு எவ்வளவு ஆகும்? விசா விண்ணப்பக் கட்டணம் இப்போது 185 டாலர். செவிஸ் என்ற பதிவுக் கட்டணம் மற்ற ஜே-1 பிரிவினர் பலருக்கு 220 டாலர், கேம்ப் கவுன்சலருக்கு 35 டாலர்தான். இதற்கு மேல் ஸ்பான்சர் வாங்கும் கட்டணம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு. காப்பீடு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை செலவை ஏற்க வேண்டும் என்பது விதி. எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி, ரசீதோடு கொடுக்கிறவரிடம் மட்டும் பேசு. "எல்லாம் சேர்த்து" என்று மொத்தமாகச் சொல்கிறவரிடம் பேச்சே வேண்டாம். நம் நாட்டு விதிப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் தன் சேவைக்கென்று அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். "இது வேலையே இல்லைங்க, தன்னார்வத் தொண்டு" என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? வேலை என்று சொன்னால் அவருக்கு வரம்பும் பதிவும் வந்துவிடும்.

டூரிஸ்ட் விசாவைப் பற்றிச் சொல்லவே எனக்குக் கோபம் வருகிறது. சென்னை அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கப்போவது நீ, அவர் இல்லை. சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முகாமில் வேலைக்குப் போனால், இறங்குகிற விமான நிலையத்திலேயே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பலாம். தெரிந்தே பொய் சொல்லி விசா வாங்கியதாக முடிவு செய்தால், அந்த நாட்டுக்குள் நுழைய ஆயுளுக்கும் தடை விழ வாய்ப்பு உண்டு. உனக்கு 21 வயது. நாளைக்கு மேல்படிப்புக்கோ, ஒரு அணியின் பயிற்சியாளராகவோ போக வேண்டியிருந்தால் அந்தப் பொய் அப்போதும் கூடவே வரும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும் கதை முடிவதில்லை. விசாவுக்குப் பொருந்தாத வேலையைச் செய்கிறவளால், தனக்கு ஒரு கெடுதல் நடந்தால் துணிந்து போலீசைக்கூடக் கூப்பிட முடியாது. அப்பா கேட்ட கேள்வி இங்கேதான் வந்து இடிக்கிறது.

ஜே-1 நேர்காணலில் என்ன கேட்பார்கள்? முகாம் எங்கே, எந்த வயதுப் பிள்ளைகள், உன் வேலை என்ன, முடிந்ததும் ஏன் திரும்பி வருவாய். கடைசிக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருக்கிறது: படிப்பு, குடும்பம், தோட்டம். இருப்பதை இருக்கிறபடி சொன்னால் போதும். இன்னொன்று, 2025 ஜூனிலிருந்து ஜே பிரிவு விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதையும் நினைவில் வை.

இனி வேலையைப் பற்றி. இதைத்தான் யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான தங்கும் முகாம்களில் கவுன்சலர் பிள்ளைகளோடு ஒரே குடிலில்தான் தூங்க வேண்டும். காலையில் எழுப்பிவிடுவதிலிருந்து விளக்கை அணைப்பது வரை நீதான் அவர்களுக்குப் பெரியவள். பத்து வயதுப் பெண் பிள்ளை இரவு பதினொரு மணிக்கு அம்மா வேண்டும் என்று அழும். இன்னொன்று படுக்கையை நனைத்துவிட்டு, யாருக்கும் தெரியக்கூடாது என்று விடியும் முன்னே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்ற பிள்ளைகள் எழுவதற்குள் சத்தமில்லாமல் விரிப்பை மாற்றிக் கொடுத்து, காலை உணவின்போது அதன் முகத்தைப் பார்த்து எப்போதும் போலச் சிரிக்கத் தெரிந்தவள்தான் நல்ல கவுன்சலர். இதற்குச் சான்றிதழ் கிடையாது. உன் தங்கையையோ சித்தி பிள்ளைகளையோ பார்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் அது இங்கே உதவும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. இங்கிருந்து போகிற பிள்ளைகள் அன்பாக எடுத்துப் போவது கடலை மிட்டாயும் தட்டுவடையும். அங்கே பல முகாம்களில் வேர்க்கடலை வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. சில பிள்ளைகளுக்கு ஒரு துண்டு பட்டாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும், அதற்காக எபிநெஃப்ரின் ஊசியைக் கூடவே வைத்திருப்பார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை என்பது உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். தலையில் அடிபட்டால் இன்னும் கவனம். நம் ஊர் மைதானத்தில் தலையைத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்துத் திரும்ப ஆட அனுப்புவோம். நானே அனுப்பியிருக்கிறேன். அது தப்பு. தலையில் அடிபட்ட பிள்ளைக்குக் கொஞ்சம் தலைசுற்றினாலும், பேச்சு குழறினாலும், வாந்தி வந்தாலும் அன்றைக்கு அது ஆடக்கூடாது, மருத்துவர் பார்த்துச் சொல்கிற வரைக்கும் உட்கார வேண்டும். மாத்திரை எதுவும் உன் கையால் தராதே, அது முகாம் செவிலியரின் வேலை.

பிள்ளைகளோடு பழகும் விதிகளும் கறாராக இருக்கும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. உடை மாற்றும் இடத்தில் போன் எடுக்கவே கூடாது. பிள்ளைகள் படத்தை உன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போடக்கூடாது. நம் பிள்ளைகளுக்கு முதலில் இது மனக்கஷ்டமாக இருக்கும், நம்மைச் சந்தேகப்படுகிறார்களோ என்று தோன்றும். அப்படி இல்லை கண்ணு. அந்த விதி பிள்ளையைக் காப்பாற்றுகிறது, கூடவே உன்னையும் காப்பாற்றுகிறது. நம் நாட்டில் போக்சோ சட்டம் வந்தது 2012-இல். ஆனால் நம் கோடை முகாம்கள் பலவற்றில் இந்த எழுதப்பட்ட விதி இன்னும் இல்லை. நீ அங்கே போய்க் கற்றுக்கொண்டு வந்தால் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அங்கே ஓடுகளமும் புல்தரையும் எப்படி இருந்தது என்பதெல்லாம் அப்புறம்.

உனக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, அதை நீ கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டாய். கோ-கோ. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், இரண்டு கம்பமும் ஒரு கோடும் போதும். மழை வந்து எல்லா ஆட்டமும் நின்றுபோன மாலையில், கூரை போட்ட கூடத்தில் முப்பது பிள்ளைகளை ஓட வைக்க இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோ-கோ உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்றது நம் அணிதான். அதனால் இது உலக ஆட்டம் என்றே சொல்லலாம். இப்போதே ஒரு வேலை செய். கோ-கோ என்னவென்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு, ஒரே நிமிடத்தில், எளிய ஆங்கிலத்தில் விளக்கிப் பழகு. எட்டுப் பேர் ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்காருவது, துரத்துகிறவள் திரும்பி ஓடக்கூடாது என்பது, முதுகைத் தொட்டு "கோ" சொன்னதும் எழுவது. பேசுவதைக் குறைத்து உட்கார்ந்து காட்டு, ஓடிக் காட்டு. போனில் பதிவு செய்து நீயே பார். நேர்காணலில் உன் ஆங்கிலத்தைப் பற்றி நீ பயப்படுகிற அளவுக்கு அவர்கள் பயப்பட மாட்டார்கள். பிள்ளை ஒருத்தி மூச்சுத் திணறும்போது உதவி கேட்டுத் தெளிவாகச் சொல்ல வருமா என்றுதான் பார்ப்பார்கள்.

உடல்நலச் சான்றில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற ஒரு இடம் உண்டு. முகாம்கள் தடுப்பூசி விவரம் கேட்கும், காசநோய்ப் பரிசோதனையும் கேட்பதுண்டு. நமக்குப் பிறந்தவுடன் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனையில் நோயே இல்லாமலும் வீக்கம் காட்டலாம். இரத்தப் பரிசோதனையில் அந்தக் குழப்பம் இல்லை. எது வேண்டும் என்று முகாமிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. காவல்துறைச் சான்றை பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய்.

அமெரிக்காதான் என்று இல்லை. பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் போகிறவர்கள்கூட அங்கே பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை தன்னார்வமாக உதவலாம், ஆனால் அதுவே போவதற்கான முக்கியக் காரணமாக இருக்கக்கூடாது. நீண்ட நாள் என்றால் தொண்டு நிறுவனமே ஸ்பான்சராக இருந்து எடுக்கிற தனி விசா உண்டு, 12 மாதம் வரை. ஜெர்மனியில் 27 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு வருடம் போல விளையாட்டுக் கிளப்பில் சேவை செய்யும் திட்டம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அங்கே பெரும்பாலும் வேலை. கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு, ஆனால் ஜெர்மன் மொழி ஓரளவு வர வேண்டும். படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் ஒதுக்க முடியும் என்றால் எனக்குப் பிடித்தது இதுதான். மூன்று மாதத்தில் பார்ப்பதைவிட ஒரு வருடத்தில் ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்கலாம்.

அரசு வேலைக்கு உதவுமா என்று கேட்டாய். அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பணிக்கு இந்த முகாம் சான்றிதழுக்கென்று தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. அதை எதிர்பார்த்துப் போகாதே. விடுதியோடு இருக்கும் தனியார் பள்ளிகளிலும் அகாடமிகளிலும் மதிப்பார்கள், அதுவும் நீ என்ன செய்தாய் என்று தெளிவாகச் சொல்ல முடிந்தால். நம் மாவட்டத்தையே பார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் இந்திய அணி வரைக்கும் போய்விட்டு, சொந்த ஊரிலேயே மைதானம் கட்டினார். அந்த மாதிரிப் பிள்ளைகள் இப்போதும் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படப்போகிற முதல் பயிற்சியாளர் நீயாக இருக்கலாம். வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வா என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

ஆனால் இந்த வருடம் வேண்டாம். முகாம்கள் ஜூன் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும், உன் இறுதித் தேர்வுகளும் அதை ஒட்டித்தான் வரும். நல்ல ஸ்பான்சர்கள் அடுத்த கோடைக்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் உனக்கு நேரம் இருக்கிறது, "இந்த மாதமே கட்டணும்" என்ற அவசரம் அந்த ஆளுடையது மட்டும்தான். இந்தக் கோடையில் சேலம் காந்தி ஸ்டேடியத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைப் பயிற்சி முகாமில் உதவிக்கு நிற்கிறேன் என்று போய்க் கேள். காலை ஆறு மணிக்கு நூறு பிள்ளைகள் கத்துகிற சத்தத்தில் ஒரு வாரம் நின்று பார்த்தால், உனக்கு இது பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ நடத்தும் முதலுதவி வகுப்பில் சேர். நீச்சல் தெரியாது என்றால் இப்போதே தொடங்கு. மலையில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு ஓட்டமும் ஏற்றமும் வரும், தண்ணீர் வராது.

முகாம் ஒன்று உன்னைத் தேர்ந்தெடுத்தால், பயணச்சீட்டு வாங்கும் முன்னால் அதன் இயக்குநரோடு வீடியோ அழைப்பில் பேசு. அப்பாவையும் பக்கத்தில் உட்கார வை. அவருக்கு ஆங்கிலம் வராவிட்டால் பரவாயில்லை, நீ மொழிபெயர்த்துச் சொல். குடிலில் எத்தனை பிள்ளைக்கு ஒரு கவுன்சலர், விடுப்பு நாளில் எங்கே போகலாம், யார் வண்டி ஓட்டுவார்கள், மருத்துவமனை எவ்வளவு தூரம், எல்லாம் கேளுங்கள். பிள்ளைகளை வைத்து முகாம் நடத்துகிறவர்கள் பெற்றோரின் கேள்விக்குப் பழகியவர்கள், சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். உன் பாஸ்போர்ட் எப்போதும் உன்னிடமே இருக்க வேண்டும், யாரும் வாங்கி வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்பதை அப்பா முன்னாலேயே உறுதி செய்துகொள்.

அப்பாவின் கேள்விக்கு ஒரு தாளில் பதில் எழுது. முகாம் இயக்குநரின் பெயரும் எண்ணும். ஸ்பான்சரின் அவசர எண். காப்பீட்டு எண். அந்த ஊருக்கு உரிய இந்தியத் தூதரகத்தின் எண். அங்கே அவசரத்துக்கு 911. ஐந்தும் நிரம்பினால் அந்தத் தாளை அப்பாவிடம் கொடு. ஒன்று காலியாக இருந்தாலும் கிளம்பாதே.

அதுவரைக்கும், சேலத்தில்தானே இருக்கிறாய், ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்டேடியத்துக்கு வா. எங்கள் சின்னப் பிள்ளைகள் இருபது பேருக்குக் கோ-கோ சொல்லிக் கொடு. நான் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன். ஆசிரியர் சான்று கேட்கும்போது என்னால் எழுத முடியுமா என்று அன்றைக்குச் சொல்கிறேன். வரும்போது பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்.